நாகர்கோவிலிலிருந்து இரவிகுளத்துக்கு: கோடையில் காரில் செல்லும் தம்பதியருக்கு

சித்திரை வெயில் ஏறத் தொடங்கியதும் மலைக்குப் போய் வரலாம் என்ற பேச்சு நம் மாவட்டத்து வீடுகளில் எழுந்துவிடும். கீரிப்பாறையும் காளிகேசமும் பேச்சிப்பாறையும் கூப்பிடு தூரத்தில் இருந்தாலும், மூன்று நாள் விடுப்பு கையில் இருக்கும் கணவன் மனைவிக்கு நான் முதலில் சொல்லும் இடம் மூணாறை அடுத்துள்ள இரவிகுளம் தேசியப் பூங்காதான். 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தப் புல்வெளி மலை 1978ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி, 2,695 மீட்டர் உயரத்தில், இங்கேதான் நிற்கிறது. நம் மாநில விலங்கான வரையாடு குமரி மாவட்டத்துக் காடுகளிலும் உண்டு. ஆனால் அங்கே அதைப் பார்த்தவர்கள் அரிது. இரவிகுளத்தில் தார்ச்சாலை ஓரமாக நின்றே அதைப் பார்த்துவிட்டு வரலாம்.

இந்தப் பயணத்துக்கு நான் வலியுறுத்தும் விதி ஒன்றே. கோடையில் மலைப்பாதையும் பூங்காவும் வானமும் முற்பகலில்தான் நமக்கு ஒத்துவரும். உச்சி வேளைக்குப் பிறகு சமவெளியில் வெயில் ஆளை வாட்டும், மலையில் இடிமேகம் திரளும், மூணாறு ஊருக்குள் வண்டிகள் நகராமல் நிற்கும். ஆகவே புறப்படும் நேரம், தங்கும் இடம், நுழைவுச்சீட்டு, திரும்பும் நாள் ஆகிய அனைத்தையும் முற்பகலைக் கணக்கில் வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

எப்போது போவது

வரையாடுகள் குட்டி ஈனும் காலம் என்பதால் ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூங்காவைப் பார்வையாளர்களுக்கு மூடிவிடுகிறார்கள். வழக்கமாக ஏப்ரல் தொடக்கத்தில் மீண்டும் திறக்கிறார்கள். திறக்கும் தேதி ஆண்டுக்கு ஆண்டு சற்று முன்பின்னாக மாறக்கூடும் என்பதால், வனத்துறையின் இணையதளத்தில் அதைப் பார்த்த பிறகே விடுப்புக்கு எழுதிக் கொடுங்கள். திறந்தவுடன் போகிறவர்களுக்குத் தாயின் காலடியை விட்டு அகலாத குட்டிகளைக் காணும் வாய்ப்பு கூடுதல். ஏப்ரலில் ஈஸ்டர் வாரத்தையும், சித்திரை முதல் நாளும் விஷுவும் சேர்ந்து வரும் நாட்களையும் தவிர்த்துவிட்டு, திங்கள் முதல் வியாழன் வரை ஏதேனும் இரண்டு இரவுகளைத் தேர்ந்துகொள்வது நல்லது. ஏப்ரலில் முடியாதவர்கள் மே மாத முதல் பாதியில் போகலாம். அதற்கு மேல் தள்ளிப்போட வேண்டாம். தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் நாளையொட்டிக் கேரளத்தில் இறங்குவது வழக்கம். அதற்கு முன்பே, மே மாதப் பிற்பகுதியில், மாலை மழை வலுத்துவிடும்.

நீலக்குறிஞ்சியைப் பார்க்கலாம் என்ற ஆசையோடு கோடையில் கிளம்புகிறவர்களும் உண்டு. அது பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. 2018இல் பூத்தது, அடுத்த பெரும் பூப்பு 2030இல். அப்போதும் அது கோடை கழிந்து மழைக்காலத்தை ஒட்டியே மலரும். கோடைப் பயணத்தை வரையாட்டுக்காகவும், புல்வெளிகளுக்கு இடையே மடிப்பு மடிப்பாகக் கிடக்கும் சோலைக்காடுகளுக்காகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சீட்டு, பிறகு அறை

பெரும்பாலோர் அறையை முதலில் பதிவு செய்துவிட்டு, பூங்காவை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். கோடை விடுமுறையில் அது சரிவராது. பூங்காவுக்குள் ஒரு நாளில் அனுமதிக்கப்படுவோர் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. இணையவழி முன்பதிவில் நேரம் குறித்தே சீட்டு கொடுக்கிறார்கள். பயணத்தின் இரண்டாம் நாளுக்கு, கிடைக்கும் முதல் காலைநேரச் சீட்டை வாங்குங்கள். அது உறுதியான பிறகு அறையைத் தேடுங்கள்.

அறை தேடும்போது வாடகைக்கு முன்னால் பார்க்க வேண்டியது அது இருக்கும் திசை. பூங்காவின் வாயில் மூணாறு ஊருக்கு வடக்கே, மறையூர் வழியாக உடுமலைப்பேட்டை செல்லும் சாலையில், அஞ்சாம் மைல் என்ற இடத்தில் இருக்கிறது. பள்ளிவாசல், சித்திராபுரம் பக்கங்களில் அழகான விடுதிகள் உண்டு. ஆனால் அங்கே தங்குகிறவர்கள் பூங்காவுக்குப் போகும் காலையில் ஊர் நடுவே உள்ள நெரிசலைக் கடந்தாக வேண்டும். மறையூர்ச் சாலைப் பக்கமோ ஊருக்குள்ளோ தங்கினால் அந்த இடைஞ்சல் இல்லை. கார் நிறுத்த இடம் உண்டா, விடுதிக்கு ஏறும் பாதை நம் வண்டிக்கு ஒத்துவருமா, காலை ஆறு மணிக்கே வெந்நீர் கிடைக்குமா என்ற மூன்றையும் தொலைபேசியில் நேரடியாகக் கேட்டுவிடுங்கள். அடையாள அட்டை இருவரிடமும் இருக்க வேண்டும்; ஒருவருடையது மட்டும் போதும் என்று நினைத்துப் புறப்பட வேண்டாம்.

வண்டியும் வண்டியில் இருவரும்

தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட சொந்தக் கார் கேரளத்துக்குள் செல்லத் தனி அனுமதி தேவையில்லை. வாடகை வண்டியானால், கேரளத்துக்கு உரிய அனுமதிச்சீட்டும் வரியும் சரியாக உள்ளனவா என்பதை உரிமையாளரிடம் முன்கூட்டியே கேட்டு, தாளைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். பதிவுச் சான்று, காப்பீடு, புகைச் சான்று ஆகியவை காலாவதியாகாமல் இருக்கட்டும்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு வண்டியைப் பட்டறைக்கு விட்டு, பிரேக் பேடு, பிரேக் ஆயில், கூலன்ட், வைப்பர் ரப்பர், மாற்று டயர் ஆகிய ஐந்தையும் பார்க்கச் சொல்லுங்கள். சர்வீஸ் என்று பொதுவாகச் சொன்னால் எஞ்சின் ஆயிலை மாற்றுவதோடு வேலை முடிந்துவிடக்கூடும். ஆகவே ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்பதே முறை. டயர்க் காற்றைப் புறப்படும் நாளுக்கு முந்தைய இரவிலோ அதிகாலையிலோ, டயர் குளிர்ந்திருக்கும்போது சரிபார்க்க வேண்டும். வெயிலில் ஓடிச் சூடேறிய டயரில் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். அதை நம்பிக் காற்றை இறக்கினால் பின்னால் குறைந்துபோகும். சக்கரம் மாற்றுவது எப்படி என்பதை இருவரும் வீட்டு முற்றத்திலேயே ஒருமுறை செய்து பழகியிருப்பது நல்லது.

இருவருக்கும் ஓட்டத் தெரிந்தால் பாதையைப் பிரித்துக்கொள்ளுங்கள். நால்வழிச்சாலையை மலைப்பழக்கம் குறைந்தவரும், போடிநாயக்கனூருக்கு (போடி) மேல் உள்ள மலைப் பகுதியைப் பழக்கம் உள்ளவரும் ஓட்டலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடக்க வேண்டும். ஒருவருக்கு மட்டுமே ஓட்டத் தெரியும் என்றால், ஒரே மூச்சில் மூணாறு போய்ச் சேர நினைக்காமல், முதல் நாள் தேனியில் தங்கி மறுநாள் காலையில் மலை ஏறுவதையே நான் பரிந்துரைப்பேன். ஓட்டாதவருக்கும் வேலை உண்டு. மலைப்பாதையில் எதிர்வரும் வண்டிகளைக் கவனித்துச் சொல்வது, வழிகாட்டிச் செயலியைப் பார்ப்பது, தண்ணீர் எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. பக்கத்து இருக்கையில் தூங்குகிறவரைப் பார்த்தாலே ஓட்டுகிறவருக்கும் கண் சொக்கும்.

சாப்பாட்டுக்கு வீட்டிலிருந்தே இட்லியும் மிளகாய்ப்பொடியும், ஏத்தங்காய் வற்றலும், ஒரு சீப்பு மட்டிப்பழமும் எடுத்துக்கொண்டால் பாதி வழி கவலை இல்லை. மட்டிப்பழத்தின் தோல் மெல்லியது. நன்கு பழுத்ததை எடுத்தால் காரின் சூட்டில் நெல்லைக்குள் கறுத்துக் குழைந்துவிடும். காம்பில் இன்னும் பச்சை நிற்கும் சீப்பாகப் பார்த்து, துணியில் சுற்றி, பின்னிருக்கைக் காலடியில் வையுங்கள். மலைப்பாதையில் குமட்டல் வருகிறவர்கள் உப்பு நார்த்தங்காயை வாயில் அடக்கிக்கொள்வது நம் பக்கத்துப் பழக்கம். மாத்திரை வேண்டியவர்கள் மருத்துவரைக் கேட்டு வாங்கி, மலை தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும்.

சமவெளி

திருநெல்வேலி, கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர் வழியாகத் திருமங்கலம், அங்கிருந்து உசிலம்பட்டி, ஆண்டிப்பட்டி, தேனி, போடிநாயக்கனூர், போடிமெட்டு, பூப்பாறை, தேவிகுளம், மூணாறு என்பதே நான் சொல்லும் வழி. ஏறத்தாழ 370 கிலோமீட்டர். திருவனந்தபுரம், கோட்டயம், அடிமாலி வழியும் உண்டு. ஆனால் அந்தப் பாதையில் ஊர் முடிந்து ஊர் தொடங்கும் இடைவெளியே இல்லாததால் தூரத்துக்குப் பொருந்தாத அளவு நேரம் பிடிக்கும்.

நாகர்கோவிலிலிருந்து அதிகாலை நான்கு மணிக்குப் புறப்படுங்கள். தோவாளையில் அந்த நேரத்திலேயே பூ வண்டிகளின் நடமாட்டம் இருக்கும். வேகத்தைக் குறைத்துக் கடக்க வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே செல்லும்போது பக்கவாட்டுக் காற்று வண்டியைத் தள்ளும். மே மாதத்தில் இது இன்னும் கூடும். லாரியை முந்தும்போது அதன் மறைவில் காற்று சட்டென்று நின்று, முந்தி முடித்ததும் மீண்டும் அடிக்கும். அந்த ஒரு நொடியில் ஸ்டியரிங்கை இரு கையாலும் பிடித்திருக்க வேண்டும்.

காவல்கிணறு தாண்டினால் நால்வழிச்சாலை நேராகக் கிடக்கும். நாங்குநேரி, கயத்தாறு, சாத்தூர்ப் பக்கங்களில் சுங்கச்சாவடிகள் உண்டு. பாஸ்டேக் கணக்கில் பணம் இருக்கிறதா என்று முந்தைய இரவே பார்த்துவிடுங்கள். கோவில்பட்டியில் கடலைமிட்டாயும் சாத்தூரில் சேவும் வாங்க நினைப்பவர்கள் திரும்பி வரும்போது வாங்கலாம். போகும் காலையில் அதற்காக நிற்பது கணக்கைக் கெடுத்துவிடும். விருதுநகரில் எண்ணெய்ப் பரோட்டா சாப்பிட்டுவிட்டு மலை ஏறும் எண்ணத்தையும் கைவிடச் சொல்வேன். எட்டு மணிக்குள் திருமங்கலத்தில் திரும்பிவிட்டால், வெயில் உறைக்கும் முன்பு ஆண்டிப்பட்டிக் கணவாயைக் கடந்து, பத்து மணியளவில் தேனியைத் தொட்டுவிடலாம். போடியில் எரிபொருளை நிரப்பி, இருவரும் முகம் கழுவி, பதினைந்து நிமிடம் வண்டிக்கு ஓய்வு கொடுத்துவிட்டு மலைக்குத் திரும்புங்கள்.

போடிமெட்டு

பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். பாதை நன்றாகவே இருக்கிறது. எதிர்வருகிறவர் எப்படி ஓட்டுகிறார் என்பதில்தான் நம் கவனம் இருக்க வேண்டும். தேனி மாவட்டத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் அதிகாலையில் ஏறி, மாலையில் இறங்கும். வழி அவர்களுக்கு மனப்பாடம், வேகமும் அதிகம். பத்தரை மணிக்கு மேல் ஏறினால் அந்த இரு நேரத்துக்கும் நடுவில் நாம் போய்விடுகிறோம்.

ஏறும் வண்டிக்கே முதல் வழி என்பது மலைப்பாதை மரபு. ஆனாலும் மேலிருந்து பேருந்து வளைவுக்குள் நுழைவது தெரிந்தால், நாம் வளைவுக்குக் கீழேயே இடப்பக்கம் ஒதுங்கி நின்று அதை விட்டுவிட வேண்டும். பேருந்துக்கு வளைவின் முழு அகலமும் தேவைப்படும். பாதியில் மாட்டிக்கொண்டால் பின்னால் நகர வேண்டியவர் நாம்தான். வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்து, ஒலி எழுப்பி, வளைவின் நடுவில் கிளட்சை மிதிக்காமல் ஏறுங்கள். வெப்பமானி முள் மேலே போவதாகத் தெரிந்தால் ஏசியை நிறுத்திவிடலாம். அப்படியும் இறங்காவிட்டால் அகலமான இடத்தில் நிறுத்தி எஞ்சினை ஆறவிட வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறப்பது உயிருக்கே ஆபத்து.

போடிமெட்டில் மாநில எல்லைச் சோதனைச்சாவடிகள் உள்ளன. அங்கிருந்து சாலை ஏலத்தோட்டங்களின் நிழலில் பூப்பாறைக்குப் போகும். பூப்பாறைக்கு அப்பால் ஆனையிறங்கல் அணையைச் சுற்றிய பகுதி யானைகள் நடமாடும் இடம். 2023 ஏப்ரலில் அரிக்கொம்பன் என்ற காட்டுயானையைப் பிடித்ததும் இந்தச் சின்னக்கானல் பகுதியில்தான். தேயிலைச்செடிகளுக்கு நடுவே யானை தெரிந்தால் வண்டியை நிறுத்தி இறங்கிப் படம் எடுக்கக் கூடாது. அதையும் தாண்டி, தேவிகுளத்துக்கு முன்னால் வரும் கேப் ரோடு மலையைக் குடைந்து அகலப்படுத்திய சாலை; மழை பெய்தால் பாறை சரியும் பகுதி. மழைக்கு அங்கே ஒதுங்கி நிற்காமல் கடந்துவிடுவதே பாதுகாப்பு. நேரம் தவறாமல் வந்திருந்தால் பகல் ஒரு மணிக்கெல்லாம் மூணாறில் இருப்பீர்கள். அன்று பிற்பகலில் வேறு எதையும் திட்டமிட வேண்டாம், ஓட்டியவர் தூங்கட்டும்.

போகிற வழியில் குரங்கணி, கொழுக்குமலை என்று பெயர்ப்பலகைகள் கண்ணில் படும். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். கோடையில் காய்ந்த புல் எவ்வளவு விரைவாகத் தீப்பிடிக்கும் என்பதற்கு அதற்கு மேல் சான்று தேவையில்லை. வனத்துறை அனுமதி இல்லாத எந்த ஒற்றையடிப் பாதையிலும் கால் வைக்காதீர்கள், யார் அழைத்தாலும்.

பூங்காவில் ஒரு காலை

சீட்டில் குறித்த நேரத்துக்கு அரை மணி நேரம் முன்பு அஞ்சாம் மைலில் இருக்க வேண்டும். சொந்த வண்டியைக் கீழேயே நிறுத்திவிட்டு வனத்துறைப் பேருந்தில் பூங்காவுக்குள் இருக்கும் ராஜமலைக்கு ஏற்றிச் செல்வார்கள். பிளாஸ்டிக் பைகளையும் தீனிப் பொட்டலங்களையும் காரிலேயே விட்டுவிட்டு, எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர், ஒரு மெல்லிய ஸ்வெட்டர், குடை அல்லது மழைச்சட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவிலில் வியர்த்த நமக்கு அந்தக் காலைக்காற்று நடுக்கத்தைக் கொடுக்கும்; பத்து மணி ஆனதும் அதே இடத்தில் வெயில் தோலைச் சுடும்.

பேருந்திலிருந்து இறங்கிய பிறகு ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் தார்ச்சாலையில் மேல்நோக்கி நடப்பதுதான் பூங்காப் பார்வை. பலர் கடைசி எல்லை வரை வேகமாக நடந்துவிட்டு, ஆட்டைக் காணவில்லை என்று திரும்பி வருகிறார்கள். மெதுவாக நடங்கள். சாலையின் மேல்பக்கப் பாறைச் சரிவை ஒருவரும் கீழ்ப்பக்கப் புல்வெளியை மற்றவரும் பார்த்துக்கொண்டே செல்லுங்கள். சாம்பல் பூத்த பாறையும் ஆடும் ஒரே நிறத்தில் இருப்பதால், அசைவு தெரியும் வரை கண்ணுக்குப் புலப்படாது. புல்லைக் கடித்துக்கொண்டே நிற்கும் ஆடு திடீரென்று மெல்லுவதை நிறுத்திக் காதை முன்னால் திருப்பினால், நாம் நெருங்கிவிட்டோம் என்று பொருள். அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். சற்று நேரத்தில் தாடை மறுபடியும் அசையத் தொடங்கும். முதிர்ந்த கிடாவின் உடல் கருமையேறி, முதுகில் மட்டும் சேணம் போட்டதுபோல் வெளிறிய திட்டு இருக்கும். குட்டிகளோடு நிற்பவை பெட்டைகள். அவற்றின் நிறம் பழுப்பும் சாம்பலும் கலந்தது. செங்குத்தான பாறையில் அவை வழுக்காமல் இறங்குவதைக் காணக் கிடைத்தால், கேமராவை ஒரு நிமிடம் கீழே இறக்கிவிட்டுக் குளம்பைப் பாருங்கள். ஒவ்வொரு குளம்பும் பாறையின் விளிம்பைத் தொட்டு, இடம் உறுதியான பிறகே உடல் எடை அதில் இறங்கும்.

மனிதர்களைக் கண்டு அவை ஓடாமல் இருப்பதற்குக் காரணம், இங்கே பல தலைமுறைகளாக யாரும் அவற்றைத் துன்புறுத்தாததே. தொடுவது, உப்பு நீட்டுவது, குட்டியின் பக்கத்தில் நின்று தற்படம் எடுப்பது எல்லாமே அந்த நம்பிக்கையைக் கெடுக்கும் செயல்கள். வனக்காவலர் கண்டால் தண்டனையும் உண்டு. ஆனைமுடி உச்சிக்கு ஏறப் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. ஆனால் மேகம் விலகிய காலையில் அதன் பாறை முகத்தைச் சாலையிலிருந்தே காணலாம்; பதினோரு மணிக்கு மேல் பெரும்பாலும் மேகம் மூடிவிடும்.

ராஜமலைக்கு அப்பால் இருக்கிறது பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் மாத மழையில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை மூடியதில் 70 பேர் இறந்தார்கள். அவர்களில் பலருக்குப் பூர்வீகம் நாம் காலையில் கடந்து வந்த கயத்தாறுப் பக்கம். மூணாறில் தேநீர்க்கடையிலும் பேருந்திலும் காதில் விழும் தமிழ் அந்த மக்களின் தமிழ். லயங்களின் வாசலில் நின்று அனுமதி கேட்காமல் படம் எடுப்பதைத் தவிர்க்கும்படி இருவரையும் கேட்டுக்கொள்கிறேன். அவை அவர்கள் குடியிருக்கும் வீடுகள்.

இறக்கம்

மூன்றாம் நாள் காலை உணவை முடித்துக்கொண்டு ஏழு, ஏழரை மணிக்குள் புறப்பட்டுவிடுங்கள். மலைமேல் மூடுபனி இருந்தால் முகப்பு விளக்கைத் தாழ்வாக வையுங்கள். உயர்த்தினால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணிலேயே அடிக்கும். கண்ணாடியின் உட்புறம் வியர்த்தால் காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பி ஏசியை ஓட்டினால் தெளிந்துவிடும்.

மலையில் விபத்து பெரும்பாலும் இறக்கத்தில்தான். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்பது மலை ஓட்டுநர்கள் வாயில் எப்போதும் இருக்கும் கணக்கு. இரண்டாம் கியரில் வண்டியை விட்டு, எஞ்சினே வேகத்தைப் பிடிக்கும்படி செய்து, தேவைப்படும் இடத்தில் மட்டும் பிரேக்கை அழுத்தி உடனே விட வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்கள் கியரைக் கையால் மாற்றும் நிலைக்கு வந்து இறங்குவதை வீட்டருகிலேயே பழகிக்கொள்ளுங்கள். நியூட்ரலில் இறக்கி எரிபொருளை மிச்சப்படுத்த நினைப்பது தற்கொலைக்கு ஒப்பானது. கருகிய வாடை மூக்கில் ஏறினாலோ மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்கினாலோ, அடுத்த அகலமான இடத்தில் நிறுத்தி, கைபிரேக்கை மட்டும் நம்பாமல் வண்டியை ரிவர்ஸ் கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வைத்து, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது, அது கோணிவிடும்.

பத்து மணிக்குள் போடியில் இறங்கிவிடலாம். ஏலக்காய் வாங்க நினைப்பவர்கள் போடிக் கடைகளிலேயே வாங்கலாம். காயை விரலால் பிளந்து, உள்ளே விதை கறுப்பாகவும் பிசுக்கோடும் இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். அதன் பிறகு வெயில் முழுவதும் நம் பக்கம்தான். நண்பகலில் விருதுநகரில் நிழலில் இளைப்பாறி, மூன்று மணிக்கு மேல் வண்டியை எடுத்தால், இருட்டும் நேரத்தில் ஆரல்வாய்மொழியைத் தாண்டிவிடலாம். வந்த மறுவாரம் பட்டறையில் நான்கு சக்கரங்களையும் கழற்றி பிரேக் பேடின் தடிமனைப் பார்க்கச் சொல்லுங்கள். முன்சக்கரங்களில் தேய்மானம் கூடுதலாக இருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும்.